ஜேபஸ் குதிரைக்காரனாக இருந்த வருஷம்

என் அருமை மகள் ஹெஸ்டருக்கு,

அப்பாவின் இடது முழங்கால் ஒன்றைத் தவிர இங்கே எல்லாரும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். கடலுக்கு அந்தப் பக்கம் நீயும் மாப்பிள்ளையும் என் பேரன் எஸ்ராவும் அதே சுகத்தோடு இருக்க வேண்டும் என்று தினமும் கேட்டுக்கொள்கிறேன். பேரன் எட்டாம் மாதத்திலேயே எழுந்து நின்றான் என்று நீ எழுதியதை ஆராதனை முடிந்து வாசலில் நின்றவர்கள் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். கொல்லன் மனைவி மட்டும் அவள் பேரன் ஏழில் நின்றான் என்றாள். நின்றிருப்பான், அவன் கால் இரண்டும் வளையம் மாதிரி இருப்பது அதனால்தானே. இந்தச் சந்தில் சொந்தக் கையால் கடிதம் எழுதுகிறவள் நான் ஒருத்திதான். ஐந்து வகுப்புப் படித்தது வீண்போகவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் கப்பல் ஆடியதில் வந்தது என்று வைத்துக்கொள்.

உன் தம்பி ஜேபஸைப் பற்றி ஒரு வருஷமாக நான் ஒரு வரிக்கு மேல் எழுதவில்லை என்று கோபித்திருந்தாய். காரணம் இருந்தது. பாதிக் கதையை அனுப்பினால் அது உன்னிடம் வர நாலு மாதம், நீ அழுது எழுதும் பதில் இங்கே வர நாலு மாதம், எதற்கு அந்த வீண் கண்ணீர். இப்போது கதை முடிந்துவிட்டது, கேள். போன வருஷம் நவம்பரில் மார்ட்டின் திருநாள் வாரத்தில் வழக்கம்போல வருஷக் கெடு முடிந்த பண்ணை வேலையாட்கள் எல்லாம் ஒரு வாரம் வீட்டுக்கு வந்தார்கள் அல்லவா, ஜேபஸும் வந்தான், ஏழு நாளில் ஆறு நாள் தூங்கினான். ஏழாம் நாள் ஆள் எடுக்கும் சந்தை. கோல்ட்மியர் பண்ணையில் ஆட்டுக்காரன் வேலை காலி, அதோடு ஒரு குடிசையும் கொடுப்பார்கள் என்று லெட்டிஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். அவள் அங்கேதான் மேஸ்திரி வீட்டுச் சமையலில் இருக்கிறாள், சிவப்பு முடிக்காரி, நீ பார்த்ததில்லை. அந்தக் குடிசை கிடைத்தால் அவர்களுக்குக் கல்யாணம், கிடைக்காவிட்டால் லெட்டிஸின் அப்பா அவளை மாவுமில்காரன் மகனுக்குக் கொடுத்துவிடுவார். இதுதான் நிலைமை.

அவன் இருட்டிலேயே கிளம்பிப் போனான். சந்தையில் வாயைத் திறக்க வேண்டியதில்லை என்பது உனக்குத் தெரியும், தொப்பியில் ஆட்டு ரோமம் இருந்தால் ஆட்டுக்காரன், சாட்டைக்கயிறு இருந்தால் குதிரைக்காரன். கோல்ட்மியர் பண்ணைக்காரர் நேரே இவனிடம் வந்து பேரைக் கேட்டார், சம்பளம் பேசினார், அச்சாரக் காசைக் கையில் வைத்தார். இவனும் கோல்ட்மியர் என்ற பேரைக் கேட்டதும் காசை மூடிய கையைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அவர், "குதிரை நாலுடா, முன்னால போறது பிளாசம், கொஞ்சம் கடிக்கும்" என்றாராம். ஜேபஸ் தொப்பியைக் கழற்றிப் பார்த்திருக்கிறான். அது அப்பா குதிரைக்காரராக இருந்த காலத்துத் தொப்பி! சாட்டைக்கயிறு முடிச்சுப் போட்டபடி இருக்கிறது. ஐந்து நிமிஷம் கழித்து அவன் கண்ணெதிரிலேயே மலைக்கு அந்தப் பக்கத்துக் கிழவர் ஒருவரை அந்த ஆட்டுக்காரன் வேலைக்கு எடுத்துவிட்டார்கள்.

ஆறு வயதில் குதிரை அவன் தோளைக் கடித்தபோது நீதானே வேலியில் உட்கார்ந்து சிரித்தாய், அந்த ஜேபஸ். அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்த வருஷம் ஒருவரும் அவனிடம் கை நீட்ட மாட்டார்கள், நடுவில் ஓடினால் வருஷச் சம்பளம் போயிற்று. போனான். காலை நாலு மணிக்கு எழுந்து தீனி வைப்பது, குளிர்ந்த பன்றிக் கொழுப்பும் பணியாரமும் தின்றுவிட்டுக் கலப்பை பிடிப்பது, நாளைக்குப் பத்து மைல் உழவுசாலில் நடப்பது, லாயத்துக்கு மேலே ஐந்து பையன்களின் குறட்டைக்கு நடுவில் படுப்பது. பிளாசத்திடம், "அம்மா தாயே, கொஞ்சம் நகர்றியா?" என்று கெஞ்சுவானாம், அது நின்று இவனைத் திரும்பிப் பார்க்குமாம். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பண்ணைப் பையன்கள் அடுத்தவன் உழவுசாலைப் பார்த்துக் கிண்டலடிக்க ஊர்வலம் வருவார்களே, வந்தார்கள். "என்னடா ஜேபஸ், இது நீ உழுததா, பாம்பு சந்தைக்குப் போய்ட்டு வந்த தடமா?" என்றார்கள். மாவுமில்காரன் மகனும் அந்தக் கூட்டத்தில் இருந்தான்.

அப்பா ஆணி வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டுச் சாமான் வண்டியில் ஏறிப்போய் வேலிக்குப் பின்னால் நின்று பார்த்திருக்கிறார். வந்து சிரித்த சிரிப்பில் சாப்பாடே இறங்கவில்லை. "கடிக்குமோன்னு குதிரையவே பாத்துக்கிட்டுப் போறான், அப்புறம் சால் எப்படிடீ நேரா வரும்? கண்ணு அந்தக் கோடியில இருக்கணும்" என்றார். லெட்டிஸிடமும் சொல்லிவிட்டுத்தான் வந்திருக்கிறார். மறுநாள் அவள் என்ன செய்தாள் தெரியுமா, வயலின் அந்தக் கோடியில் ஒரு கம்பு நட்டுத் தன் வெள்ளை ஏப்ரனைக் கட்டிவிட்டுப் போனாள். அந்தப் பயல் அதைத் தவிர வேறு எதையாவது பார்ப்பானா! நூல் பிடித்த மாதிரி உழுதுவிட்டான். அடுத்த ஞாயிறு வந்த பையன்கள் குனிந்து ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு அடுத்த பண்ணை வயலுக்கு நடந்தார்கள். ஏப்ரன் இல்லாமல் நின்றதற்கு லெட்டிஸ் மேஸ்திரி மனைவியிடம் வாங்கிய திட்டு தனி.

இனிமேல்தான் வம்பு. இந்த மார்ட்டின் திருநாளுக்கு அந்தக் கிழவர் மகள் வீட்டோடு போய்விட்டார், குடிசை காலி. பண்ணைக்காரர் ஜேபஸிடம், "நிக்கிறியா?" என்று கேட்க, இவன், "ஆட்டுக்குன்னா நிக்கிறேன்" என்றான். அவர், "இப்படி நேரா உழுறவன யாராச்சும் ஆடு மேய்க்க விடுவானா? போடா, குதிரைக்குத்தான்" என்றுவிட்டார். குதிரைக்காரனுக்குக் குடிசை கிடையாது, லாயத்து மாடிதான். லெட்டிஸின் அப்பா மாவுமில் வீட்டுக்குச் சொல்லியனுப்ப நாள் பார்த்துவிட்டார். நம் ஜேபஸ், வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவன், "அப்ப சந்தையில ரோமத்தோட நிப்பேன், வேற யாராச்சும் எடுத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். சந்தையன்று விடியுமுன் ரோமத்தை அப்பா தன் கையால் தைத்தார், தொப்பியை நானே விளக்கு வெளிச்சத்தில் அவன் தலையில் வைத்தேன். சந்தையில் பண்ணைக்காரர் அவனை மூன்று தரம் கடந்துபோனாராம், நாலாம் தரம் நின்று, "ஆட்டுக்கு. ஆனா வருஷா வருஷம் முதல் சால் நீதான் போடணும்" என்று காசை நீட்டினாராம். ஜேபஸ் முதலில், "பிளாசத்தோடவா?" என்று கேட்டானாம், பயத்தில் இல்லை, ஆசையில்! வரும் சனிக்கிழமை கல்யாணம்.

இன்னொன்று சொல்ல வேண்டும், அது உன்னோடு இருக்கட்டும். போன வருஷம் அவன் தூங்கிய அந்த ஆறு நாளில் நான் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தேன், ஆணியிலிருந்த தொப்பிகளை எடுத்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது இடம் மாற்றிவிட்டேன். ஒரு வருஷமாக அப்பா அவனைக் குருடன் என்கிறார், அவன் இருட்டைத் திட்டுகிறான், நான் வாயைத் திறக்கவில்லை. நேற்று லெட்டிஸ் வந்தாள், தொப்பிகளைப் பார்த்தாள், அப்பாவுடைய தொப்பியின் விளிம்பில் காய்ந்திருந்த சுண்ணாம்புச் சொட்டை நகத்தால் சுரண்டினாள், என்னைப் பார்த்து, "அத்த, சுவரு ரொம்ப அழகா அடிச்சிருக்கீங்க" என்றாள். அப்பா கேட்டுக்கொண்டே குழாயில் புகையிலை அடைத்தார். அவள் நமக்கு ஏற்ற மருமகள்தான், ஹெஸ்டர்.

பேரனை ஈரத்தில் விடாதே, மாப்பிள்ளை வாயைத் திறந்து தூங்கினால் பக்கம் திருப்பிவிடு. நீங்கள் மூவரும் ஆண்டவர் நிழலில் நூறு வருஷம் நிறைவாக இருங்கள். வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் கடிதங்களை எடுத்து அடுப்படியில் உட்கார்ந்து உரக்கப் படிப்பது ஜேபஸ்தான் என்பதை மறக்காதே. சுண்ணாம்பைப் பற்றிப் பதிலில் ஒரு எழுத்து வரக்கூடாது, சொல்லிவிட்டேன்.

என்றும் உன்னை நினைத்திருக்கும் அம்மா,
டார்க்கஸ் வின்ட்ரிங்கம்