குடிக்காத அப்பாவுக்கு

என் தங்கமான அப்பாவுக்கு,

உங்களைத் தங்கம் என்று எழுத எனக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்கலாம். கேளுங்கள். நீங்கள் இருந்த கடைசி எட்டு வருஷமும் உங்களைக் குடிகாரர் என்றே நம்பியவள் நான். நீங்கள் ஒரு சொட்டுக்கூடக் குடித்ததில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது.

எழுபத்தொன்றில் சாராயக்கடை திறந்தார்கள். அதே வருஷம்தான் கடலை மண்டியில் எடை போடும்போது உங்கள் கை தடுமாறத் தொடங்கியது. நடை தள்ளாடியது, தோள் தானாகத் தூக்கிப் போட்டது, ஒன்றுமில்லாததற்கெல்லாம் கோபம் வந்தது. ஊருக்கு வேறு என்ன தோன்றும்? பிறகு கடைகளை மூடினார்கள். உங்கள் தள்ளாட்டம் நிற்கவில்லை. உடனே கள்ளச்சாராயம் என்றார்கள். உங்கள் வாயில் வாடை அடிக்கிறதா என்று ஒருவராவது பக்கத்தில் வந்து பார்த்தோமா?

அம்மாவும் நானும் உங்களை முனீஸ்வரன் கோயிலுக்கு இழுத்துப் போனோம். குடியை விடுகிறவர்களுக்குக் கயிறு கட்டும் கோயில். "இனிமே குடிக்க மாட்டேன்னு சாமி மேல சத்தியம் பண்ணுங்க" என்றார் பூசாரி. நீங்கள் என்னை ஒருமுறை பார்த்தீர்கள். பிறகு அப்படியே சொன்னீர்கள். குடிக்காத மனுஷன் அதை ஏன் சொன்னீர்கள்? கயிறு கட்டிய கையோடு நீங்கள் மறுபடியும் தள்ளாடியபோது, சாமியையே ஏமாற்றிவிட்டீர்கள் என்று உங்களோடு பேசுவதையே விட்டேன். என் கல்யாணத்தில் மணமேடைப் பக்கம் வரவேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். சமையல்காரர்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனீர்கள்.

இப்போது அண்ணன் செய்தி. பஸ் ஸ்டாண்டு எதிரில் அவன் டீக்கடை நன்றாகத்தான் நடந்தது. கொஞ்ச நாளாக டீ ஆற்றும்போது சிந்துகிறான், காலையிலேயே போட்டுக்கொண்டு வருகிறான் என்று பேச்சு. இந்த வருஷம் உங்கள் நினைவு நாள் படையலில் அவன் கற்பூரத் தட்டைக் காட்டிக்கொண்டிருந்தான். தோள் வெடுக்கென்று மேலே போனது. தட்டு சாய்ந்து, எரிகிற கற்பூரம் உங்கள் படத்துக்கு முன்னால் விழுந்தது.

"இன்னிக்குமா குடிச்சிட்டு வந்து நிக்கிற?" என்று அண்ணி பல்லைக் கடித்தாள்.

நான் அவனுடைய இடது கையைப் பார்த்தேன். சும்மா தொங்கிய கையில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கி நிமிர்ந்துகொண்டிருந்தன. அவை உங்கள் விரல்கள், அப்பா.

யாரிடமும் சொல்லாமல் அவனை வேலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் கூட்டிப்போனேன். நாக்கை நீட்டி அப்படியே வைத்திருக்கச் சொன்னார். அவனால் முடியவில்லை, அது உள்ளே உள்ளே ஓடியது. "உங்க அப்பாவுக்கு எப்படி இருந்தது?" என்று என்னிடம் கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மூளை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துப்போகிற வியாதியாம், உங்களுக்கும் அதுதான் இருந்திருக்குமாம். குணமாக்க மருந்து இல்லையாம். பெற்றவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வரலாமாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "வள்ளி, அண்ணிகிட்ட சொல்லிடாத. குடிக்கிறேன்னே இருக்கட்டும்."

"ஏண்ணா?"

"குடிகாரன் வூட்ல பொண்ணு எடுப்பாங்க. இந்த வியாதி இருக்கிற வூட்ல எவன் எடுப்பான்? செல்வி கழுத்துல தாலி ஏறட்டும்."

உங்கள் பேத்தி செல்விக்குக் கீழ்பென்னாத்தூரில் மாப்பிள்ளை முடிவாகியிருக்கிறது. வைகாசியில் கல்யாணம்.

"அப்பாவும் இப்படித்தான் செஞ்சாரு. எங்கிட்ட மட்டும், 'எங்கப்பனும் ஆடி ஆடித்தான் செத்தாரு, வள்ளி கல்யாணம் முடியற வரைக்கும் வாயத் தொறக்காதடா'ன்னாரு. அதுக்கப்புறமும் எனக்குச் சொல்ல வாய் வரல. எனக்கு வராதுன்னு நெனச்சேன்" என்றான்.

பஸ்ஸில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அழுதேன். எனக்காகவா குடிகாரன் என்ற பட்டத்தைச் சுமந்தீர்கள்? அந்தப் பட்டத்துக்காகவா உங்களை நான் ஒதுக்கினேன்? கோபமும் வருகிறது அப்பா, மறைக்க மாட்டேன். தெரிந்திருந்தால் என் குமாரைப் பெற்றிருப்பேனா? அவனுக்கு எட்டு வயது. ஒரு பருக்கை சிந்தினாலும் அவன் விரலையே பார்க்கிறேன். "ஏம்மா மொறைக்கிற?" என்கிறான். எனக்கு ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். அண்ணனும் அப்படித்தான் நினைத்தான்.

நேற்று அண்ணி அவனை அதே கோயிலுக்கு இழுத்துப் போனாள். கையை நீட்டிக் கயிறு கட்டிக்கொண்டு, இனிமேல் குடிக்க மாட்டேன் என்றான். நானும் பக்கத்தில்தான் நின்றேன். செல்வி அப்பன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

உங்கள் மேல் சத்தியமாகச் சொல்கிறேன், நாளைக்குச் செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன். கல்யாணம் நின்றுபோகலாம். அண்ணன் செத்தாலும் என் முகத்தில் விழிக்காமல் இருக்கலாம். அவளே என்னை ஏன் சொன்னாய் என்று சபிக்கலாம். பரவாயில்லை. நான் உங்களிடம் கேட்க முடியாமல் போனதையெல்லாம் அவள் தன் அப்பனிடம் கேட்கட்டும், அவன் நாக்கு குழறிப்போவதற்குள் கேட்கட்டும்.

உங்கள் மகள்,
வள்ளி