தோக்குக் கடையில் கேட்ட கேள்வி

சேசு மரி சூசை துணை

பேச்சிப்பாறை
19-6-2011, ஞாயிறு

அன்பு மகள் ரெஜிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதா கிருபையால் நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நீயும் ஆன்ட்ரூஸும் சுகமா என்று எல்லாக் கடிதத்திலும் கேட்பேன், நீயும் சுகம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவாய், அது வழக்கம். இந்த முறை வழக்கத்துக்குக் கேட்கவில்லை மக்களே, பதில் வேண்டிக் கேட்கிறேன்.

இங்கே இடவப்பாதி மழை பிடித்துப் பன்னிரண்டு நாளாக ரப்பர் பால்வெட்டு இல்லை, ஷீட் விலை இருநூறைத் தாண்டி நிற்கிற நேரம் பார்த்து மழை வந்ததென்று ஊரெல்லாம் புலம்புகிறது. பின்மேட்டில் நட்ட மரச்சீனி முழங்கால் உயரம் வந்திருக்கிறது. தேர்தலுக்காகத் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் ஒப்படைக்க வேண்டும் என்று மார்ச் மாதம் போலீஸ் ஸ்டேஷனில் கொண்டு கொடுத்த தோக்கைப் போன வாரம்தான் அப்பா திரும்ப வாங்கி வந்து அறையில் பூட்டி வைத்தார். அது வீட்டில் இல்லாத மூன்று மாதமும் நான் நன்றாகத் தூங்கினேன், ஏன் என்று கீழே எழுதுகிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்துக்குப் போகாதே.

வியாழக்கிழமை அருமனையில் இருந்து பேபி வந்தாள், லீவுக்கு ஊருக்கு வந்திருக்கிறாள், உன் ஆஸ்பத்திரியில் உன்னோடு வேலை பார்க்கிற பெண் என்பதால் உன்னையே பார்த்த மாதிரி இருந்தது. நீ கொடுத்துவிட்ட மாத்திரை டப்பா, அப்பாவுக்குச் சட்டை, உன் கடிதம், பிறகு கோயிலில் நீ முதல்நன்மை வாங்கினபோது நான் உனக்குச் செய்து போட்ட சங்கிலி எல்லாம் கொண்டு வந்தாள். சங்கிலியைப் பெரியப்பா பேத்தி அபினாவுக்கு முதல்நன்மை வருவதால் அவளுக்குக் கொடுக்கச் சொன்னாயாம், எனக்கு இனி எதற்கு என்று சொன்னாயாம். பேபி கருப்பட்டிக் காப்பி குடித்துக்கொண்டே, அங்கே பெரிய கடைகளில் தோக்கு விற்கிற கதையை அப்பாவிடம் விளையாட்டாகச் சொன்னாள், "மாமா, பாலும் முட்டையும் எடுத்து வண்டியில வச்சிக்கிட்டு நாலெட்டு நடந்தா தோக்கு வரிசையா நிக்கும், அதுக்கும் தள்ளுபடி போட்டிருப்பான்" என்றாள். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை, எழுந்து மழையில் ரப்பர் விளைக்குள் இறங்கிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் உன் கடிதத்தைப் பிரித்துப் படித்தேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருடன் புகுந்தான், ஆன்ட்ரூஸ் லாரியை எடுத்துக்கொண்டு போனால் திரும்பப் பத்து பன்னிரண்டு நாள் ஆகிறது, அதனால் ஒரு தோக்கு வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பெரிய கடையில் நூற்று எண்பத்தொன்பது டாலர், ஊருக்குள் தோக்கு மட்டுமே விற்கிற சின்னக் கடையில் இருநூற்று நாற்பது என்று இரண்டு விலையையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, "அந்தக் கிழவன் விலையும் கூடச் சொல்கிறான் கேள்வியும் கூடக் கேட்கிறான், எதற்கு, வீட்டில் யார் யார், முன்னால் சுட்டதுண்டா, கணவருக்குத் தெரியுமா என்று. பெரிய கடையில் ஒரு பாரம் நிரப்பிக் கொடுத்தால் போன் போட்டுப் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள், முகத்தைக்கூட யாரும் பார்க்க மாட்டார்கள். எது லாபம் அம்மா, நீங்கள்தானே மூன்று கடை ஏறி இறங்காமல் ஒரு ஊசிகூட வாங்காதே என்று சொல்லித் தந்தீர்கள்" என்று கேட்டிருக்கிறாய். உண்மைதான். பள்ளிக்கூடம் அஞ்சாம் வகுப்போடு போனாலும் விலை பார்க்க எனக்குத் தெரியும், உனக்கும் நான்தான் படிப்பித்தேன். ஆனால் முகத்தை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று எழுதினாயே, அந்த வரியை நாலு தடவை படித்தேன். நீ அதை லாபத்தின் பக்கம் எழுதியிருக்கிறாய்.

இனி எழுதப் போவதை உன்னிடம் சொல்வதில்லை என்று பத்து வருஷமாக வைத்திருந்தேன். உன் தம்பி லிபின் சானல் தண்ணீரில் குளிக்கப் போய்த் திரும்பி வராத அந்த ஜனவரி உனக்கு நான் சொல்ல வேண்டாம், நீ மங்களூரில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாய், அடக்கத்துக்கு வந்து பதினாறு நாள் இருந்துவிட்டுப் போனாய். குளிக்கப் போகட்டும் என்று அவனை அனுப்பினது அப்பாதான், அதை யாரும் அவரிடம் சொல்லிக் காட்டவில்லை, அவரே உள்ளுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பத்தொன்றாம் நாள் முடிந்ததும் அப்பா திடீரென்று சுறுசுறுப்பாகிவிட்டார். இரவல் வாங்கின ஏணியைக் கொண்டு கொடுத்தார், ஒரு மழைக்காலத்துக்கு வேண்டிய விறகைக் கீறி அடுக்கினார், லிபினின் சைக்கிளைத் துடைத்து எண்ணெய் விட்டு யாருக்கோ கொடுத்தார். கர்த்தர் மனதைத் தேற்றிவிட்டார் என்று நான் மெழுகுதிரி வைத்து நன்றி சொன்னேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி. சேர்ந்து படுத்து எழுந்த நான் காணாததை நாகர்கோவிலில் தோக்குக் கடை வைத்திருந்த சுயம்புலிங்கம் அண்ணாச்சி கண்டார்.

அந்தத் தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா லைசென்ஸ் புத்தகத்தோடு அவர் கடைக்குப் போய்த் தோட்டா கேட்டிருக்கிறார். நம் தோக்கு எதற்கென்று உனக்குத் தெரியும், மரச்சீனி கிழங்கு வைக்கிற காலத்தில் பன்றியை விரட்ட வானத்தைப் பார்த்து ஒரு வெடி வைப்பார், அவ்வளவுதான். அந்த லைசென்ஸ் வாங்கவே இரண்டு வருஷம் நடந்தார், எஸ்.ஐ. வந்து பக்கத்து வீட்டில், ஜேசுதாஸ் குடிப்பாரா, சண்டைக்குப் போவாரா என்று விசாரித்தபோது அவர்கள், "அவரு தும்மினாக்கூட வெளிய சத்தம் கேக்காது சாரே" என்று சொன்னதை நீயும் நானும் எத்தனை தடவை சொல்லிச் சிரித்திருக்கிறோம். அண்ணாச்சி புத்தகத்தைத் திருப்பிப் பார்த்திருக்கிறார். அவர் கையால் எழுதின தேதிகள்தான், எல்லா வருஷமும் ஐப்பசி கார்த்திகைதான், பங்குனியில் ஒரு தடவைகூட வாங்கினதில்லை. மரச்சீனி இன்னும் நிற்கிறதா என்று கேட்டாராம். அப்பாவுக்குப் பொய் வராது, பிடுங்கி ஒரு மாசம் ஆகிறது என்று சொல்லிவிட்டார். "பின்ன பன்னி எதைத் தின்ன வரும் தம்பி?" என்று கேட்டாராம்.

அண்ணாச்சி வேறொன்றும் கேட்காமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு, தோட்டா வரவில்லை, நாளாகும், உட்காரு என்று சொல்லிச் சாயா வரவழைத்து, மக்கள் சுகமா என்று விசாரித்திருக்கிறார். லிபின் விஷயம் அவருக்குத் தெரியாது. அப்பா அந்த ஸ்டூலில் உட்கார்ந்து அழுதிருக்கிறார், நம் வீட்டில் யாரும் அதுவரைக்கும் அவர் அழுது பார்த்ததில்லை. மத்தியானம் அண்ணாச்சி கடையைப் பூட்டிவிட்டு, ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு, அப்பாவைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறி நம் வீட்டுக்கு வந்துவிட்டார். அடுக்களை வாசலில் நின்று தாழ்ந்த குரலில் என்னிடம், "தங்கச்சி, தோக்கு கொஞ்ச நாள் என் கடையில கெடக்கட்டும். ஸ்பிரிங் இளகிப் போச்சுன்னு நான் சொல்லுதேன், நீயும் அப்படியே சொல்லு. இவரைத் தனியா விடாதே" என்றார். முறைப்படி ரசீது எழுதிக் கொடுத்து எடுத்துப் போனார், எட்டு மாதம் வைத்திருந்தார். விற்க வேண்டிய பொருளை விற்காமல் விட்ட வியாபாரியை நான் அவர் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் சாமி வேறு நம் சாமி வேறு, ஆனாலும் அன்றில் இருந்து செபமாலையில் ஒரு மணி அவருக்கு.

இப்போது உன்னிடம் வருகிறேன். பிப்ரவரியில் ஆறு மாதப் பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு நின்றாய், மூன்றாம் வாரம் வேலைக்குப் போனாய், தைரியசாலி என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். பிள்ளைக்கு வாங்கினதையெல்லாம் கோயிலில் கொடுத்துவிட்டதாக ஈஸ்டருக்குப் பேசினபோது சொன்னாய். இப்போது சங்கிலியை அனுப்பியிருக்கிறாய். கேன்டீனில் சாப்பிட வருவதில்லை என்று பேபி போகும்போது வாசலில் நின்று சொன்னாள். நான் ஒன்று கேட்கிறேன், பாவம் என்று பயமுறுத்துவதற்காகக் கேட்கவில்லை, பதிலுக்காகக் கோபப்படவும் மாட்டேன். உனக்குச் செத்துவிடலாம் என்று தோன்றுகிறதா மக்களே? அந்தத் தோக்கு திருடனுக்குத்தானா? அன்றைக்கு இதை நான் அப்பாவிடம் கேட்கவில்லை, வேறொருவர் கேட்க வேண்டியிருந்தது. அந்தப் பெரிய கடையில் உன்னிடம் கேட்க யாரும் இல்லை, அதனால் நான் இங்கிருந்து கேட்கிறேன். திருடனுக்குத்தான் என்றால் என்னைப் பைத்தியக்காரி என்று திட்டு, வாங்கிக்கொள்கிறேன். கதவுக்கு இன்னொரு தாழ் போடு, நாய் வளர், தோக்கு வேண்டாம்.

வெள்ளிக்கிழமை நான் ஆன்ட்ரூஸுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், என் மேல் வருத்தப்பட்டால் படு. அவளைத் தனியாக விட்டது என் தப்பு அத்தை என்று சொன்னான், இறக்க வேண்டியதை இறக்கிவிட்டுச் செவ்வாய்க்குள் வீடு வருகிறான், ஒரு மாதம் லீவும் கேட்டிருக்கிறான். அதுவரைக்கும் பேபியின் தோழி உன்னோடு வந்து படுப்பாள், பிறகும் வருவாள், அவளை விரட்டாதே. நம் ஊரில் ஒருத்தி வாய் பேசாமல் கிடந்தபோது, காய்ச்சலுக்கு டாக்டர் இருக்கிற மாதிரி மனதுக்கும் இருக்கிறார் என்று எனக்குச் சொல்லித் தந்தவள் நீ. உன் ஆஸ்பத்திரியிலேயே அப்படி டாக்டர் உண்டே, நர்ஸாகப் போகாமல் நோயாளியாகப் போய் உட்காரு. இது வந்து சேர ஐந்து நாள் ஆகும் என்கிறார்கள், அதுவரையும் அதற்குப் பிறகும் தினமும் உனக்கு விடியும்போது போன் பண்ணுவேன், எடுத்துவிடு, பேச வேண்டாம், எடுத்தால் போதும். சங்கிலியை அபினாவுக்குக் கொடுக்கவில்லை, உனக்காக வைத்திருக்கிறேன், வந்து வாங்கிக்கொள்.

செவ்வாய் காலை.

இதை அப்பாவுக்குத் தெரியாமல்தான் எழுதினேன், ஒட்டுவதற்கு முன் மனம் கேட்கவில்லை, ஞாயிறு சாயங்காலம் அவருக்கு வாசித்துக் காட்டினேன். பத்து வருஷமாக அந்த நாளைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசினதில்லை. அவர் கேட்டு முடித்துவிட்டு, "அந்தச் சின்னக் கடைக்காரன் கேட்டதுக்கு இவ என்ன பதில் சொன்னா?" என்று மட்டும் கேட்டார். நேற்று முதல் பஸ்ஸில் தோக்கை எடுத்துக்கொண்டு நாகர்கோவில் போனார். சுயம்புலிங்கம் அண்ணாச்சி காலமாகி மூன்று வருஷம் ஆகிறது, மகன்தான் கடையில் இருக்கிறான். அங்கே விற்பதற்கென்று ஒப்படைத்துவிட்டு ரசீது வாங்கி வந்தார், உனக்கு அனுப்பச் சொன்னார், நகல் இதோடு இருக்கிறது. பன்றி வந்தால் என்ன செய்ய என்று கேட்டேன். "தின்னுட்டுப் போகட்டு. அது தின்னது போக மிச்சம் நமக்குப் போதும்னு மக்களுக்கு எழுது" என்றார், எழுதிவிட்டேன்.

உன் தலையில் கை வைத்து நாங்கள் இருவரும் ஆசீர்வதிக்கிறோம். வியாகுல மாதா உன் பக்கத்தில் இருக்கட்டும், அவளுக்குப் பிள்ளையைக் கொடுத்த வலி தெரியும். போனை எடு.

அம்மா
வியாகுலம்மாள்