முரண்டு பிடித்த மோட்டார்

18 டிசம்பர் 1961
காலை முதல் நடையிலேயே படகு மோட்டார் முரண்டு பிடித்தது. கைப்பிடியை முறுக்கினால் வேகம் ஏறுகிறது. திருப்பினால் இறங்க மாட்டேன் என்கிறது. மோகனூர்க் கரை நெருங்கும்போது இன்ஜினையே அணைத்துத் தப்பித்தேன். மதியம் ஒரு கோளாறும் இல்லை. சூரமங்கலத்தில் பத்து வருஷம் லாரி ஓட்டியவனுக்கு இந்தப் பொடிப்பயல் மோட்டார் தண்ணி காட்டுகிறது.

20 டிசம்பர்
கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டில் கம்பியின் ஸ்பிரிங்கையும் மாற்றியாயிற்று. இன்றும் காலையில் மட்டும் அதே கதை. தினமும் சாயங்காலம் மோட்டாரைக் கழற்றித் தோளில் சுமந்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுகிறேன். விடிந்ததும் படகில் மாட்டிவிட்டு டீ குடிக்கப் போகிறேன். அந்த நேரத்தில் அங்கே இருப்பது யார்? பரிசல்காரன் செங்கோடன். என் படகு வந்ததிலிருந்து பிழைப்பு குறைந்துபோனவன்.

21 டிசம்பர்
டீக்கடையிலிருந்து கவனித்தேன். மோட்டார் பக்கத்தில்தான் நின்று பீடி குடிக்கிறான்.

23 டிசம்பர்
காலை நடையில் படகு மோதிவிட்டது. வேகம் குறையவே இல்லை. பாறையில் முட்டி ஒரு பெண் தண்ணீரில் விழுந்தாள். செங்கோடன்தான் பரிசலைத் தள்ளிவந்து தூக்கினான். அவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தான்? முன்னாடியே தெரிஞ்சிருக்கு, அதான்!
படகும் துறைக் குத்தகையும் வைத்திருக்கும் முதலாளி காளியப்பன் கத்தினார்: “இன்னொருக்கா இப்படி ஆச்சுன்னா நீ சூரமங்கலத்துக்கே கெளம்பிரு.” என் மனைவி ரோசிக்கு இது ஏழாம் மாதம். அவளை வைத்துக்கொண்டு எங்கே போவேன்? செங்கோடன்மேல் சந்தேகம் என்று சொல்லிவிட்டேன். முதலாளி ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

24 டிசம்பர்
செங்கோடன் இனித் துறையில் பரிசல் போடக் கூடாது என்று முதலாளி சொல்லிவிட்டார். “நான் அதத் தொட்டதுகூட இல்லீங்க சாமி” என்று என்னைப் பார்த்துச் சொன்னான். என்ன நடிப்பு!

27 டிசம்பர்
அவன் துறைப் பக்கமே வரவில்லை. நானும் டீக்குப் போகவில்லை. ஆனாலும் கைப்பிடி இறுகிக் கிடக்கிறது. அப்படியானால்?

28 டிசம்பர்
மாலையில் கொல்லையிலிருந்து உள்ளே வந்தேன். ரோசி மோட்டார் முன்னால் உட்கார்ந்து, த்ராட்டில் கம்பி நுழையும் துளையில் எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அந்தோணியார் கோயில் விளக்கிலிருந்து எடுத்துவந்த தேங்காய் எண்ணெய்.
“நீங்க தண்ணியில போறீங்க. எனக்குப் பயமா இருக்காதா? பத்து நாளைக்கு முன்னாடி அம்மா வீட்டிலிருந்து திரும்பி வந்த நாள்முதலா, அந்தோணியார் காப்பாத்தட்டும்னு விடுறேன்.”
தேங்காய் எண்ணெய்! மார்கழிக் குளிரில் உறைந்து கம்பியைப் பிடித்துக்கொள்கிறது, வெயில் ஏறினால் இளகிவிடுகிறது. அவளைத் திட்ட மனசு வரவில்லை. ஐயோ, ஒரு பாவமும் அறியாதவன் வயிற்றில் அடிச்சுட்டேனே.

29 டிசம்பர்
மண்ணெண்ணெய் விட்டுக் கம்பியைக் கழுவினேன். மோட்டார் சொன்னபடி கேட்கிறது. முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். சிரித்தார். “கெடக்குது உடு. தொறையில ஒரு பரிசல் கொறஞ்சா நமக்கு நல்லதுதான?”
அன்றைக்கு அவர் என்னை நம்பித்தான் செங்கோடனை விரட்டினாரா? இல்லை, யாராவது இப்படி ஒன்று சொல்ல மாட்டானா என்று காத்திருந்தாரா?

8 ஜனவரி 1962
செங்கோடனும் அவன் மனைவி குஞ்சம்மாளும் சட்டி பானையோடு என் படகில் ஏறினார்கள். கரூர்ப் பக்கம் கூலி வேலைக்குப் போகிறார்களாம். நடு ஆற்றில் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். குஞ்சம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் தண்ணீரையே பார்த்துக்கொண்டு வந்தான்.
அக்கரையில் இறங்கும்போது கேட்டான். “இப்ப மோட்டாரு நல்லா ஓடுதுங்களா?”
ஓடுது என்றேன்.