நாற்பத்தொரு பெட்டி

மச்சாள், அன்று அந்த அறையில் ஐந்து பேர். கதிரையில் முகாமையாளர் யோகநாதன். கணினிக்கு முன்னால் அறிக்கை எடுக்கிற ரஜிதா. யன்னலோரம், இறால் உரிக்கிற மூன்றாம் மேசைச் செல்வமணி. நடுவில் ஈரக் கையுறையோடு நீ. ஐந்தாவது ஆளைக் கடைசியில் சொல்கிறேன்.

இன்று காலை அலுமாரி துடைக்கும்போது தட்டில் விரித்திருந்த இரண்டு தாள்களை எடுத்தேன். இறால் கொம்பனியில் அன்று எங்களுக்குக் காட்டின அறிக்கை; யோகநாதன் மேசையில் விட்டுப் போனதை நான் மடித்துக் கொண்டுவந்தேன். ஒன்றின் தலையில் ஆடி, மற்றதில் ஆவணி. இன்னும் குளோரின் மணம் போகவில்லை.

பேத்தி காயத்திரி கந்தோரில் இப்படி அறிக்கை செய்கிறவள். எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"அம்மம்மா, இது பிழை. ரெண்டு மாதத்துக்கும் ஒரே எண். மேல மாதத்தை மாத்தியிருக்கினம். ஆனா கணக்குச் சூத்திரத்துக்குள்ள ஆரோ வேற திகதி எழுதி வைச்சிருப்பினம், தையிலயிருந்து எண்டு. உள்ள திகதி இருந்தா மேல குறிக்கிறது எடுபடாது. எந்த மாதத்தைக் கேட்டாலும் அதே எண்தான் வரும்."

"ஓம் பிள்ளை, தெரியும்" என்றேன். அவள் நம்பவில்லை.

சூத்திரம் எனக்குத் தெரியாதுதான். இரண்டு தாளிலும் உன் மேசைக்கு நேரே நாற்பத்தொன்று என்று இருந்ததை அன்றே பார்த்தனான். பழுதென்று திரும்பி வந்த இறால் பெட்டிகள். தையில் ஐஸ் லொறி வராத கிழமை கெட்டுப்போனவை. நீயும் நானும்தான் இறக்கினோம். "எண்ணு மச்சாள், உன்ர தலதான் நமக்குக் கொப்பி" என்றாய். எண்ணினேன். அதற்குப் பிறகு உன் மேசைப் பெட்டி ஒன்றும் திரும்பவில்லை.

யோகநாதன் ஆவணித் தாளை ஆட்டினார். "ஒரு மாதத்தில நாப்பத்தொரு பெட்டியோ? கை சுத்தமில்லாட்டி மேசையை விடும்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "இவவக் கேளுங்க சேர். இவவுக்கு எல்லாம் ஞாபகம்."

"எனக்கென்ன தெரியும் சேர்? பெருவிரல் வைக்கிற ஆள் நான். தாள் வாசிக்க ஏலாது."

பொய். மூன்றாம் வகுப்போடு நின்றாலும் எண் வாசிப்பேன், எழுத்துக் கூட்டுவேன். ஆனால் அதற்கு முதல் கிழமை, வரவுக் கொப்பியடியில், எல்லாப் பெண்களுக்கும் முன்னால் நீ சொன்னாய்: "பூரணத்திட்ட பேரக் கேட்டா பெருவிரலத்தான் நீட்டுவா." செல்வமணி விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை மடியில் முடிந்து வைத்திருந்தேன். உன் தலை குனியட்டும் என்று அன்று அவிழ்த்தேன்.

நீ கையுறையைக் கழற்றி வைத்துவிட்டுக் கிண்ணியா பஸ் ஏறினாய். பிறகு வரவேயில்லை. கை சுத்தமில்லாதவள் என்ற பேரோடு போன மாரியில் மௌத்தானாய். உன் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தேன். "உம்மா உங்களத்தான் அடிக்கடி கேட்டவ" என்று உன் மகள் தேத்தண்ணி தந்தாள். அப்போதும் அந்த நாற்பத்தொன்றின் கதையைச் சொல்லாமல் பஸ் ஏறினேன்.

நாளைக்கு இந்த இரண்டு தாளையும் அவளிடம் கொண்டுபோகிறேன். கீழே என் கையாலேயே எழுதியிருக்கிறேன்: தையில் ஐஸ் வராத கிழமை, நாற்பத்தொன்று, எண்ணினது நான்.

யோகநாதன் திரையை நம்பினவர். ரஜிதா தெரியாமல் செய்தவள். செல்வமணி சிரித்ததோடு சரி. கோபத்தை இலேசில் விடுகிறவள் இல்லை நான். எண்டாலும் இந்த மூன்று பேரையும் விட்டுவிட்டேன். கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்ற ஐந்தாவது ஆளை மட்டும் விடமாட்டேன்.

அவள் பேர் பூரணம்.