ஏரியல் நுனியில் போத்தல் கழுத்து

1962 ஒக்ரோபர் 28, ஞாயிறு

இன்று கடைக்கு ஏரியல் கட்டினேன். முல்லைத்தீவுக் கடைத்தெருவில் இனி எங்கள் தேத்தண்ணிக் கடை ரேடியோதான் ராசா, மற்றதெல்லாம் கூசா.

வடை சுற்ற வாங்கிய பழைய பேப்பர்க் கட்டில் இங்கிலிஷ் ரேடியோப் புத்தகம் ஒன்றின் பக்கங்கள் கிடந்தன. அகராதியோடு மல்லுக்கட்டிப் படித்தேன். கம்பியின் நுனியில் மின்னோட்டம் இல்லையாம். சரிதான், அதற்கப்பால் ஓட வழியில்லையே. ஆனால் மின்னழுத்தம் அங்கேதான் கூடவாம். ஆகவே நுனியை மரத்தில் நேரே கட்டக்கூடாது, இடையில் கண்ணாடி வேண்டும். இல்லாவிட்டால் ஈரத்துக்குக் கம்பியில் வந்ததெல்லாம் மரம் வழியே மண்ணுக்குள் இறங்கிவிடும்.

சோடாப் போத்தல் இருந்தது. நான் கடற்கரையில் கிடந்த சாராயப் போத்தலின் கழுத்தை உடைத்து, கம்பி நுனிக்கும் கடையடித் தென்னைக்கும் இடையில் கட்டினேன். வேண்டுமென்றுதான். முஸ்லிம் கடைக்கு மேலே சாராயம்! "இனித் தென்னை தள்ளாடும், பாருங்கோ" என்றேன். அடுப்படியில் நின்ற என் அக்கா லதீபா ராத்தா சிரித்துத் தேங்காய்ப்பாலைக் கொட்டிவிட்டா.

நவம்பர் 2

எங்கள் தெரு யாக்கோப்பு அண்ணனுக்கு நெஞ்சு வருத்தம், கொழும்புப் பெரியாஸ்பத்திரியில் கிடக்கிறார். அவருடைய பெண்சாதி புனிதமக்கா தினமும் பின்னேரம் வந்து கடை வாங்கில் பலகையின் ஓரத்தில் குந்தியிருக்கிறா, ரேடியோவில் மரண அறிவித்தல் கேட்க. கொழும்புத் துறைமுகத்தில் வேலை செய்யும் அவவின் தம்பி ஸ்ரீபன், ஏதும் நடந்தால் தந்தியும் அடிப்பேன், ரேடியோவிலும் கொடுப்பேன் என்று சொல்லியிருக்கிறானாம்.

வாசித்து முடிந்ததும் எழும்புவா. "இண்டைக்கும் இல்லைத் தம்பி. அந்தோனியார் காப்பாத்தினார்."

செத்தவர்களின் பெயரைக் கேட்டுவிட்டுச் சிரித்த முகத்தோடு வீடு போகிற ஆளை இப்போதுதான் பார்க்கிறேன்.

நவம்பர் 9, வெள்ளி

ஜும்மா முடிந்து ஹலீம் ஹாஜியார் தேத்தண்ணி குடிக்க வந்தார். அண்ணாந்து பார்த்துவிட்டு வாப்பாவைக் கூப்பிட்டார்.

"கச்சு, உன்ர கடைக்கு மேல என்ன தொங்குது? இது பள்ளிக்குப் போற பாதையடா."

வாப்பாவின் முகம் கறுத்தது. உடனே ஏணி. போத்தல் கழுத்தைக் கழற்றி றோட்டோரத் தண்ணிக் கானுக்குள் எறிந்துவிட்டுக் கம்பியைத் தென்னையிலேயே இறுக்கிக் கட்டினார்.

"வாப்பா, ஒரு சோடாப் போத்தலையாவது..."

"இன்னும் பகிடியோ? போத்தல் எண்டு வாய் திறந்தாய், பல்லைக் கழட்டி அதுக்குள்ள போட்டுத் தருவன்."

காய்ந்த மரம், ரேடியோ பாடத்தான் செய்தது. "பாத்தியா? போத்தல் இல்லாமலும் பாடுது" என்றார் ஹாஜியார். வாப்பா அறைந்த இரண்டு கன்னமும் இன்னும் எரிகிறது.

நவம்பர் 19

விடாத மழை. றோட்டுக்கு மேலால் வெள்ளம், பஸ் இல்லை. தந்திக் கம்பமும் சரிந்து கிடக்கிறதாம். கொழும்பிலிருந்து வருவதற்கு இனி ரேடியோ ஒன்றுதான் வழி.

அதில் வடை பொரிகிற சத்தம். இடையிடையே யாரோ தண்ணீருக்குள் இருந்து கதைப்பது போல.

புனிதமக்கா தலையில் சாக்குப் போட்டுக்கொண்டு வந்தா.

"அவற்ர பேர் வரேல்லைத்தானே, தம்பி?"

"வரேல்லை அக்கா."

வந்தாலும் கேட்டிருக்காது. அதைச் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது?

நவம்பர் 21

வாப்பாவிடம் கெஞ்சினேன். "சாராயம்தான் பகிடி வாப்பா. கண்ணாடி பகிடி இல்லை. ஈரமரம் எல்லாத்தையும் உறிஞ்சுது."

"உப்பிடித்தானே அப்புத்துரையரையும் கம்பியைப் பல்லால கடிக்கச் சொன்னாய்?"

சொன்னேன்தான், கடித்தால் ரேடியோச் சத்தம் கூடும் என்று. அந்த மனிசன் கடித்துக்கொண்டு நின்றது, நான் பின்னால் நின்று சத்தத்தைக் கூட்டினேன். கடையே உருண்டு சிரித்தது. இப்ப என்ர வாயால வாறதெல்லாம் பகிடி. நெருப்பு எண்டு கத்தினாலும் பகிடி!

நானே ஏறினேன். பாதி மரத்தில் வழுக்கியது. நெஞ்சுத் தோல் உரிந்து போயிற்று. வாப்பா காதைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனார்.

நவம்பர் 22

புனிதமக்கா இன்றும் சிரித்துக்கொண்டுதான் போனா.

நவம்பர் 27

மழை விட்டது. முதல் பஸ்ஸில் ஸ்ரீபன் வந்து இறங்கினான். கையில் யாக்கோப்பு அண்ணன் போட்டுக்கொண்டு போன சேட்டும் அவருடைய செபமாலையும்.

போன ஞாயிறுக்கு முதல் ஞாயிறே அண்ணன் கண்ணை மூடிவிட்டாராம். அங்கேயே அடக்கம்.

"தந்தி போகாது எண்டிட்டாங்கள். ரேடியோவில ரெண்டு நாள் குடுத்தனான். இந்த ஊரில ஒருத்தருக்கும் காதில்லையோ?"

கடையில் இருந்தவர்கள் ரேடியோவைப் பார்த்தார்கள். வாப்பா என்னைப் பார்த்தார்.

புனிதமக்கா அழவில்லை. என்னிடம்தான் கேட்டா. "அண்டைக்கெல்லாம் நான் சிரிச்சுக்கொண்டு போனனான், என்ன தம்பி?"

டிசெம்பர் 1

வாப்பாவே சோடாப் போத்தலை உடைத்துக் கட்டினார். ஹாஜியார் ஏணியைப் பிடித்தார். எனக்கு ஏச்சும் இல்லை, அடியும் இல்லை. சீ! யாராவது இரண்டு சாத்துச் சாத்தியிருக்கலாம்.

ரேடியோ கண்ணாடி போலக் கேட்கிறது. இனி யாருக்கு?

டிசெம்பர் 4

புனிதமக்கா கறுப்புச் சேலையோடு வந்தா. வாங்கிலில் இருக்கவில்லை.

"உண்மையைச் சொல்லு. அவற்ர பேர் இஞ்ச வந்ததோ?"

பகிடி ஒன்றும் நாக்குக்கு வரவில்லை. "வந்தது அக்கா. கம்பி வரைக்கும் வந்தது."

"பிறகு?"

"நுனியால மரத்துக்குள்ள போச்சுது."

"மரத்துக்குள்ளயிருந்து?"

"மண்ணுக்குள்ள."

தலையை ஆட்டினா. போய்விட்டா.

டிசெம்பர் 5

பின்னேரம் அறிவித்தல் நேரம். தென்னையடியில் புனிதமக்கா முழங்காலில் நின்று மெழுகுதிரி கொளுத்தினா. காற்று அணைத்தது. மறுபடி கொளுத்தினா. மறுபடி அணைந்தது.

ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். எழும்பி வாப்பாவுக்கு வழிவிட்டார்.

வாப்பா அடுப்பை மறைத்திருந்த தகரத்தை எடுத்துக்கொண்டு போய்க் காற்று வருகிற பக்கமாக நட்டுவிட்டு, ரேடியோவை நிற்பாட்டினார்.