பீடத்தில் ஒரு கேமரா

லிபா, பத்தங்காஸ், பிலிப்பைன்ஸ்
ஞாயிறு, பூசை முடிந்து

அதட்டினாலும் அன்பு குறையாத என் பெர்லிட்டாவுக்கு,

பெர்னாபே எழுதுவது. நானும் நம் மகளும் நலம். நீயும், மிலானில் நீ குளிப்பாட்டிச் சோறூட்டும் அந்த அம்மாளும் நலமாக இருக்க வேண்டும். தினமும் கேமராவில் எங்களைப் பார்க்கிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். கேமரா சில நாளாக ஏன் வேலை செய்யவில்லை என்றும் கேட்பாய். இணைய இணைப்பு போய்விட்டது என்று போனில் நான் சொன்னது பொய். ஒயரைப் பிடுங்கியவன் நான்தான். கடிதத்தை முடித்துவிட்டுத் திட்டு. அங்கே கிளம்பி வரும் உன் சித்தப்பா மகன் ரமில் கருவாட்டோடு இதையும் கொண்டுவருகிறான். வாசம் அடித்தால் என் எழுத்தைக் குறை சொல்லாதே.

முதலில் நீ பெட்டியில் போட்டு அனுப்பிய பொருள்களின் சௌக்கியம். ஏர் ஃபிரையர் நன்றாக இருக்கிறது. எண்ணெயே வேண்டாம் என்று அட்டையில் போட்டிருக்கிறது. அதில் வெந்த மீனை எண்ணெயில் ஒரு புரட்டுப் புரட்டினால் அபாரமான ருசி. தானே தரை கூட்டும் அந்த வட்டத் தட்டைத்தான் நம் சண்டைச் சேவல் எதிராளி என்று நினைத்துவிட்டது. மோதிய இரண்டு தடவையும் சேவலுக்கே வெற்றி. இயந்திரம் இப்போது கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. அப்படியே என் சுபாவம்.

கருவிகளைக் குறை சொல்ல எனக்கு ஏது யோக்கியதை? ஊருக்கெல்லாம் கரோக்கே பாட்டு இயந்திரம் வாடகைக்கு விடுகிறவன் நான். கழுதை கத்தினாலும் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு போடும் அந்தப் பொய்யில்தான் வீட்டில் அரிசி வேகிறது.

உன் குரலும் கேட்கிற அந்தக் கேமரா விஷயம் வேறு. ஆணி அடிக்கச் சோம்பல்பட்டு அதை வீட்டு ஜெபப் பீடத்தில், குழந்தை இயேசுவுக்கும் உன் படத்துக்கும் நடுவில் வைத்தேன். பூக்காரி கொசுறாகக் கொடுத்த மல்லிகைச் சரத்தை உன் படத்துக்கு மாட்டியதும் நான்தான், ஓர் ஆசையில். அன்று முதல் பக்கத்து வீட்டு சேபா அக்கா வந்தால் முதலில் சிலுவை போட்டுக்கொள்கிறாள். பிறகு கேமராவைப் பார்த்து, "அடுத்த பெட்டியில அந்தச் செவப்பு லிப்ஸ்டிக்க மறந்துடாத தாயி" என்று வேண்டுகிறாள். குழந்தை இயேசுவிடம் கேட்டது எதுவும் இத்தனை சீக்கிரம் வந்ததில்லையாம்.

புதன்கிழமை அந்தப் பீடத்திலிருந்துதான் நீயும் என்னைக் கேட்டாய். அந்த அம்மாள் வீட்டில் இன்னும் இரண்டு வருடம் இருக்கக் கையெழுத்துப் போடட்டுமா, இரண்டு கதவு ஃபிரிட்ஜ் வாங்கிவிடலாமே என்று. சேபா அக்கா, ரமில், மீன்காரி எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நானும் பெரிய மனுஷன்போல, "உன் இஷ்டம்" என்றேன். அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றுகிறது, எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை. மாத முடிவுக்குள் நீ கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் இது உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

மறுநாள் நடந்ததைக் கேள். எதிர்வீட்டுக்கு மாக்சிமா அக்கா என்று ஒருத்தி குடிவந்திருக்கிறாள். கோயில் ஜெபக் குழுவின் தலைவி. நம் நிங்நிங்கிடம் அம்மா எங்கே என்று கேட்டிருக்கிறாள். ஆறு வயசுப் பிள்ளை பீடத்தைக் கையால் காட்டியிருக்கிறது. மெழுகுவர்த்தி, மல்லிகைச் சரம், நடுவில் சிரிக்கிற உன் படம். வேறென்ன வேண்டும்? ஒரு பிறந்தநாள் வீட்டில் பாட்டு இயந்திரத்தை இறக்கிவிட்டு நான் திரும்பி வருகிறேன், கூடம் நிறையப் பெண்கள் முழங்காலில் நிற்கிறார்கள். இறந்தவர்களுக்கான ஒன்பது நாள் ஜெபம், முதல் நாள். உன் ஆன்மா இளைப்பாற! நான் வாயைத் திறப்பதற்குள் பீடத்திலிருந்து உன் குரல்: "பெர்னாபே, அடுப்ப அணைச்சியா இல்லையா?"

மாக்சிமா அக்கா செருப்பை விட்டுவிட்டு ஓடினாள். அது இன்னும் நம் வாசலில்தான் கிடக்கிறது. ஏன் இந்த அலறல் என்று நீ கேட்டபோது, ஜெபக் கூட்டத்தில் பல்லி விழுந்தது என்றேன். அந்தப் பல்லி நீதான்.

தெருவே சிரித்தது. எனக்கும் சிரித்து வயிறு வலித்தது. நிங்நிங் மட்டும் சிரிக்கவில்லை. அந்த ஜெபத்துக்கெல்லாம் மறுமொழி சொன்னவள் அவள்தானாம். என் சட்டையைப் பிடித்து இழுத்துக் கேட்டாள்: "செத்தவங்க மேலருந்து நம்மளப் பாத்துக்கிட்டே இருப்பாங்கன்னு மாக்சிமா அத்தை சொன்னாங்கப்பா. அம்மாவும் மேலருந்துதான பாக்குது? அப்ப ரெண்டும் ஒண்ணுதான?"

ஊர் வாயை அடைக்கிற நான், அடுப்பைப் பார்க்கிற சாக்கில் சமையலறைக்குப் போய்விட்டேன், பெர்லிட்டா.

இன்னொன்று. தினமும் அந்தியில் ஒரு நிமிஷம் திரை இருண்டுபோகிறது, கேமராவை மாற்றித் தொலை என்று திட்டுகிறாயே. கேமராவில் ஒரு கோளாறும் இல்லை. கோயில் மணி அடித்ததும் பிள்ளை என் கையை நெற்றியில் ஒற்றி ஆசி வாங்குகிறதா, அடுத்து முக்காலி போட்டு ஏறி, அதுதான் உன் வலது கை என்று கேமராவில் நெற்றியை வைக்கிறது. நீ பார்த்த இருட்டு அதுதான். அன்றைக்கும் ஏறியது. இறங்கி வந்து, "அம்மா சுடுதுப்பா" என்றது. நெற்றியில் வட்டமாக ஒரு சிவப்பு. அப்போதுதான் ஒயரைப் பிடுங்கினேன்.

ஃபிரிட்ஜுக்கு என்ன அவசரம்? பழையதன் கதவு மூடாததால் ஒரு கல்லை முட்டுக் கொடுத்திருக்கிறேன், நன்றாகவே குளிர்கிறது. "உன் இஷ்டம்" என்று சொன்னேன் அல்லவா, அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். எத்தனையோ வீட்டிலிருந்து பாட்டு இயந்திரத்தைத் திரும்ப எடுத்தவன், எனக்கு வெட்கம் கிடையாது. சேபா அக்காவின் லிப்ஸ்டிக்கை நான் இங்கேயே சந்தையில் வாங்கிக் கொடுத்துவிடுகிறேன். நீ பெட்டியில் எதுவும் வைக்க வேண்டாம்.

குழந்தை இயேசு உன்னைக் காக்கட்டும். அங்கே குளிர் தொடங்கிவிட்டதாமே, கையுறை போட்டுக்கொள். அந்த வலது கையை வெடிக்க விடாதே. முக்காலி இன்னும் பீடத்தடியிலேயே கிடக்கிறது. எடுத்துவைக்கப் போனால் பிள்ளை விடமாட்டேன் என்கிறது.

உன் கருவாட்டு வாசக்காரன்,
பெர்னாபே