பச்சை முகத்து ராஜா

25-8-1996, ஞாயிறு

இனாயத் மறுபடி கப்பல் ஏறிவிட்டான். போகிறவன் சும்மா போகவில்லை. ஒரு பெட்டியை என் தலையில் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். லண்டனில் வாங்கிய ஆட்டமாம். பாதாள அறைகள் வரைந்த ஒரு பலகை, பகடை, சீட்டுகள். காய்களுக்குப் பதிலாகக் கட்டைவிரல் உயரத்தில் பொம்மைகள்: ஒரு ராஜா, ஒரு மந்திரவாதி, கோடாலி பிடித்த குள்ளன், எட்டு எலும்புக்கூடுகள், பன்னிரண்டு குட்டிப் பூதங்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிற பிளாஸ்டிக். வாங்குகிறவனே வர்ணம் அடித்துக்கொள்ள வேண்டுமாம். நல்ல வியாபாரம்!

“நீ டிராயிங் ஆபீஸ்ல கீற மச்சி, உனுக்குக் கை ஆடாது. அடிச்சு வை. நவம்பர்ல வந்து ஆடலாம்” என்றான்.

கல்லூரியில் மூன்று வருஷம் ஒரே பெஞ்ச். என்னைப் பற்றி அவனுக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். சரியாக அதிலேயே கை வைத்துவிட்டான்.

28-8-1996

லஸ்ஸில் துணிக்கு அடிக்கிற ஃபேப்ரிக் பெயிண்ட் ஒன்பது பாட்டில் வாங்கினேன். நிறத்தைப் பார்த்து அல்ல, லேபிளைப் படித்து. எந்தப் பொம்மைக்கு எந்த நிறம் என்று பெட்டியின் பின்னால் எழுத்தில் அச்சிட்டிருக்கிறது. எழுத்து என்னை ஏமாற்றாது.

இந்த நோட்டிலாவது உண்மையை எழுதி வைக்கிறேன். எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பழுப்பும் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும். ரயில்வேயில் வேலை கிடைத்து மெடிக்கலுக்குப் போனபோது, புள்ளி புள்ளியாக இருந்த ஒரு புத்தகத்தைக் காட்டி எண்ணைப் படி என்றார் டாக்டர். எண் எங்கே இருந்தது? வெறும் புள்ளி. வெளியே போ என்று கையால் காட்டினார், வாயைக்கூடத் திறக்கவில்லை. வீட்டில் ‘அந்த வேலை பிடிக்கவில்லை’ என்று சொன்னேன். அப்பா மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு கறுப்பு மையில் கோடு போடுகிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்துகொண்டேன்.

பெண் பார்க்கப் போன அன்று காமாக்ஷியிடமும் அதே பொய். இரண்டு வருஷமாயிற்று. இனிமேல் சொன்னால் ‘ஏன் அன்னிக்கே சொல்லலை’ என்பாள்.

8-9-1996, ஞாயிறு

எலும்புக்கூடுகள் முடிந்தன. வெள்ளை எனக்குப் பயமில்லாத நிறம். முதலில் பழைய பல்தேய்க்கும் பிரஷ்ஷால் சோப்புப் போட்டுக் கழுவி, காயவைத்து, ஒவ்வொன்றையும் மெழுகு வைத்து ஒரு மூடியின் மேல் ஒட்டிவிடுகிறேன். மூடியைத்தான் பிடிக்கவேண்டும், பொம்மையைத் தொடக்கூடாது. பிரஷ்ஷில் மூன்றே மயிர் நிற்கும்படி காமாக்ஷியின் தையல் கத்தரியால் நறுக்கினேன். அதற்கு அரைமணி நேரம் பாட்டு வாங்கினேன்.

பாடி முடித்துவிட்டு, பள்ளிக்கூட நோட்டுகளைத் திருத்துவதற்கு என் மேஜைக்கே வந்து உட்கார்ந்துவிட்டாள். குள்ளனுக்குக் கண்ணில் புள்ளி வைத்தபோது எட்டிப் பார்த்து, “அட, நம்மளைப் பாக்கறதே!” என்றாள்.

15-9-1996

மாட வீதியில் தக்காளி வாங்கிக்கொண்டு போனேன். பாதி காய். “ஊறுகா போடச் சொல்றேளா?” என்றாள் காமாக்ஷி. கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று அவன் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவன் என்ன செய்வான்? பொறுக்கியது நான்.

29-9-1996, ஞாயிறு

மந்திரவாதி முடிந்தான். அங்கி நீலம், தாடி வெள்ளை, கைத்தடிக்கு லேபிள் சொன்னபடி பழுப்பு. வெயிலில் காயவைத்து ஜன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டே இருந்தேன். முப்பத்திரண்டு வயதில் நான் வர்ணம் அடிக்கிறேன்! சிறுவயதில் இலைக்குப் பழுப்பு அடித்து வகுப்பே சிரித்ததிலிருந்து கிரேயான் தொடாதவன் நான். சந்தோஷமாக இருக்கிறது, வேறென்ன எழுத?

காமாக்ஷி சாயங்காலம் கோயிலுக்குப் புதுப் புடவையில் கிளம்பினாள். எப்படி இருக்கு என்று கேட்டாள். நன்னா இருக்கு என்றேன். என்ன நிறம் என்று இங்கே எழுத முடியவில்லை.

19-10-1996, சனி

ராஜாவும் பூதங்களும்தான் பாக்கி. ராஜாவுக்கு முகம் தோல் நிறம், அங்கி சிவப்பு. பூதங்களுக்கு வெளிர் பச்சை. கடைசியாக அடிப்போம் என்று ஆசைக்கு வைத்திருந்தேன்.

நாளைக்கு சரஸ்வதி பூஜை.

22-10-1996, செவ்வாய்

இரண்டு நாள் எழுதவில்லை. இந்த நோட்டும் பேனாவும் பூஜையில் இருந்தன. நேற்று புனர்பூஜை முடிந்து எடுக்கப் போனால் — என்னுடைய ஒன்பது பாட்டில்களும் வரிசையாக, பளபளவென்று, சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றிலும் லேபிள் இல்லை.

“ஆயுதம்னா சுத்தமா வெக்க வேண்டாமா? தண்ணில ஊறவெச்சுத் தேச்சேன், காகிதம் வந்துடுத்து. போனா என்ன, உள்ள இருக்கறது கண்ணுக்குத் தெரியறதே” என்றாள்.

கத்திவிட்டேன். என் சாமானை யார் தொடச் சொன்னது என்று. பூஜைக்கு வைத்ததற்கு எவனாவது பெண்டாட்டியைத் திட்டுவானா? அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு உள்ளே போய்விட்டாள்.

இந்த நோட்டைப் பூஜையில் எடுத்து வைத்தவளும் அவள்தானே. பிரித்திருப்பாளோ?

24-10-1996

புதிதாக வாங்கிவிடலாம். ஒன்பதும் நிறைய இருக்கும்போது எதற்கு என்று கேட்பாள். ஆபீசில் யாரிடமாவது காட்டலாமென்றால், அதைவிட வேறு வினையே வேண்டாம். குங்குமச் சிமிழை நடுவில் வைத்து ஒவ்வொரு பாட்டிலாகப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்று பாட்டில் குங்குமம் மாதிரியே இருக்கின்றன. இது ஒரு பிழைப்பா?

27-10-1996, ஞாயிறு

துணிந்து அடித்துவிட்டேன். வெளிறினவை இரண்டில் எது தோல், எது பச்சை என்று வெயிலில் வைத்து முடிவு செய்தேன். காமாக்ஷி இரண்டு தடவை மேஜைப் பக்கம் வந்தாள். ஏதோ கேட்க வந்தவள் போல நின்றுவிட்டுப் போனாள்.

3-11-1996, ஞாயிறு

இனாயத் பிரியாணியோடு வந்தான். எங்களுக்காகக் காய்கறிப் பிரியாணி, அவன் அம்மா அஸ்மத்துன்னிசா தனி அடுப்பில் வைத்தது. பலகையை விரித்து, பொம்மைகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். அவன் ராஜாவைத் தூக்கிப் பார்த்தான். பூதங்களைப் பார்த்தான். மறுபடி ராஜாவைப் பார்த்தான்.

“இன்னா மச்சி, ராஜாவுக்கு வாந்தி வர்ற மாதிரி கீது? மூஞ்சி பச்சையா கீது. பூதமெல்லாம் குளிச்சு பவுடர் போட்டுக்கினு வந்து நிக்குது!”

சிரிக்கிறான், சிரிக்கிறான், கண்ணில் நீர் வர. பழைய வகுப்பு, பழைய இலை. குனிந்து சீட்டுகளைக் கலைக்க ஆரம்பித்தேன்.

காமாக்ஷி காப்பி டம்ளர்களை மேஜையில் வைத்தாள். “நான்தான் அப்படி அடிக்கச் சொன்னேன், இனாயத். ராஜாவுக்கு யாரோ விஷம் குடுத்துட்டா. அதான் பச்சை. பூதங்கள்ளாம் குழந்தைகள், அதான் அந்தக் கலர்” என்றாள். முகத்தில் ஒரு சலனமில்லை. இவளுக்கு இப்படிப் புளுக வரும் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இனாயத்துக்கு ஒரே குஷி. அப்படியானால் மருந்து தேடிப் போகிற ஆட்டம் ஆடலாம் என்று விதியையே மாற்றிவிட்டான். மூன்று பேரும் நாலு மணிநேரம் ஆடினோம். கடைசி அறைக்கு வந்தபோது, ஆறு விழுந்தால்தான் ராஜா பிழைப்பார் என்ற நிலை. காமாக்ஷி பகடையை உருட்டினாள். ஆறு.

நான் ஆட்டத்தையா பார்த்தேன்? அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரிந்திருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது.

4-11-1996

கேட்டுவிட்டேன். காலையில், அவள் பள்ளிக்கூடம் கிளம்புகிற அவசரத்தில். நோட்டைப் பிரித்தாயா என்று.

பிரிக்கவில்லையாம். எனக்குத் தக்காளி போதும் என்றாள். லஸ் சிக்னலில் ஸ்கூட்டரை நிறுத்தினால் நான் எரிவது மேல் விளக்கா கீழ் விளக்கா என்று உற்றுப் பார்ப்பதை, பின்னால் உட்கார்ந்து இரண்டு வருஷமாகப் பார்க்கிறாளாம். லேபிள் எதற்கு என்று மட்டும் அன்று நான் கத்தியபோதுதான் புரிந்ததாம். “ஒரு வார்த்தை, இது என்ன கலர்னு கேப்பேள்னு பத்து நாளாக் காத்துண்டிருந்தேன். கேக்கலை. பச்சையா ஒரு ராஜாவை அடிச்சு வெச்சேளே தவிர, கேக்கலை.”

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்றேன்.

“கலர் தெரியலைன்னு எனக்கென்ன கோபம்? என்னையும் அந்த ரயில்வே டாக்டர்னு நெனைச்சுட்டேளே, அதுதான்.” டாக்டர் கதையைக்கூட, அன்று மெடிக்கலுக்கு என்னோடு துணைக்கு வந்த மாமா எங்கள் கல்யாணத்தன்றே அவளிடம் சொல்லிவிட்டாராம். நான் சொல்லட்டும் என்று இருந்தாளாம்.

அழுதுவிட்டேன். அவளும்தான். அவளுக்குப் பஸ் போய்விட்டது. ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். சிக்னலில் பின்னாலிருந்து “பச்சை, போங்கோ” என்றாள்.

சாயங்காலம் வந்து பார்த்தால் ஒன்பது பாட்டிலுக்கும் புது லேபிள், அவளுடைய குண்டு எழுத்தில். மேலே டேப் சுற்றியிருக்கிறாள். அடுத்த பூஜைக்கு எவ்வளவு கழுவினாலும் போகாதாம். ராஜாவுக்கு முகத்தைத் திருத்த உட்கார்ந்தேன். தொடாதீர்கள், அவர் அப்படியே இருக்கட்டும் என்று பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள்.

7-11-1996, வியாழன்

தி. நகரில் தீபாவளிக் கூட்டம். ரங்கநாதன் தெருவைத் தாண்டி வருவதற்குள் செருப்பு அறுந்தது. புடவைக் கடையில் வழக்கம்போல என்னை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வழக்கமாக எல்லாவற்றுக்கும் ‘நன்னா இருக்கு’ சொல்லிவிட்டு மின்விசிறியைப் பார்ப்பேன். இன்று முதல் புடவையை விரித்ததுமே, “இது என்ன கலர்?” என்று கேட்டேன்.

கடைக்காரர் ட்யூப்லைட்டை அண்ணாந்து பார்த்தார். வெளிச்சம் பற்றவில்லையா சார் என்றார்.

“வெளிச்சமெல்லாம் சரியாத்தான் இருக்கு. எனக்குத்தான் சிவப்பு, பச்சை தெரியாது” என்றேன். பக்கத்து நாற்காலியில் இருந்த மாமி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும். ஒன்றும் இடிந்து விழவில்லை. கடைக்காரர் அடுத்த புடவையை விரித்தார்.

காமாக்ஷி ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னாள். அரக்கு, செங்கல், பாசிப்பயறு, மயில்கழுத்து. பதினொரு புடவை. நானும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு, “இது உங்க ராஜா மூஞ்சி கலர். இதுதான் எனக்கு” என்றாள்.

10-11-1996, ஞாயிறு

தீபாவளி. காமாக்ஷி இன்று வெளிர் பச்சைப் புடவை கட்டியிருக்கிறாள்.